விதைல கட்டி, ஊசி குத்தி டெஸ்ட் பண்ணா போதாதா?

காசிமேடு26:
அண்ணே, கூச்சமா கீது, வூட்ல இன்னும் சொல்லல. லெஃப்ட் விதைக்குள்ள ஒன்றரை சென்டிமீட்டர்ல கட்டி, வலி கிடையாது. ராயபுரத்துல ஸ்கேன் எடுத்தா வெங்காய அடுக்கு மாதிரி வளையம் வளையமா இருக்கு, டாப்ளர்ல ரத்த ஓட்டம் இல்ல, எபிடெர்மாய்ட் சிஸ்ட்டா (கேன்சர் இல்லாத சாதா கட்டி) இருக்கலாம்னு போட்டுக்கீறாங்க. கேன்சருக்கு பாக்கற ரத்த டெஸ்ட் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூணும் நார்மல். ஊசில கொஞ்சம் எடுத்து பாக்கலாமேன்னா டாக்டர் வேணாம்னுட்டாரு. இன்னாத்துக்கு வேணாம்?

ஸ்லைடு_பிரியன்:
தம்பி, நான் பேத்தாலஜி, அதான் திசுவ டெஸ்ட் பண்ற துறைல, பிஜி படிக்கறேன். அந்த வளையம் கெராட்டின், தோல்லயும் நகத்துலயும் இருக்குற புரதம், அடுக்கடுக்கா சேர்றதால ஸ்கேன்ல அப்படி தெரியுது, உள்ள ரத்தக்குழாய் இல்ல அதான் ஓட்டமும் இல்ல. நல்ல அறிகுறிதான், ஆனா டெரட்டோமான்னு வேற ஒரு கட்டியும் சில சமயம் இதே வேஷம் போடும், பெரியவங்களுக்கு வர்ற டெரட்டோமாவ சாதானு விட முடியாது. மார்க்கர், அதான் அந்த மூணு ரத்த டெஸ்ட், நார்மல்ங்கறத நம்பி உக்காராத, செமினோமாங்கற விதை கேன்சர்ல ஏஎஃப்பி ஏறவே ஏறாது.

ஊசி மேட்டருக்கு வர்றேன். விதையோட நிணநீர் வயித்துக்குள்ள பெருந்தமனி பக்கம் போகுது, விதைப்பையோட தோல்ல இருந்து போறது இடுப்பு மடிப்புல இருக்குற நெறிக்கு (நிணநீர் முடிச்சு). தோல் வழியா குத்துனா, ஒருவேள கேன்சரா இருந்தா அது பரவ புது ரூட் போட்டுக் குடுத்த மாதிரி. அதுவும் இல்லாம ஊசில வர்ற துணுக்க வச்சு முடிவு சொல்ல முடியாது, சுவர் முழுசும் பாக்கணும், முடிவேர் வியர்வை சுரப்பி எதுவும் இருக்கக்கூடாது, சுத்தி இருக்குற திசுல கேன்சருக்கு முந்துன செல்லும் இருக்கக்கூடாது. அதான் இடுப்பு மடிப்புல வெட்டி விதைய வெளிய எடுத்து, ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு, அதான் ஆபரேஷன் நடக்கும்போதே திசுவ உறைய வச்சு உடனே பாக்குற டெஸ்ட்டுக்கு, அனுப்புவாங்க.

காசிமேடு26:
அப்ப விதையே போயிடுமா ணா? கல்யாணம் கூட ஆவல.

ஸ்லைடு_பிரியன்:
ஃப்ரோசன்ல சாதானு வந்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு விதைய திரும்ப வச்சிடலாம். சந்தேகம்னா முழுசா எடுப்பாங்க, ரெண்டுக்கும் சேத்துதான் கையெழுத்து வாங்குவாங்க.

தண்டையார்பேட்டை_மாமா:
எனக்கு வந்தது வேற, லேடிக் செல் கட்டி (விதைல ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்றது), மார்பு வீங்குனதாலதான் டெஸ்ட்டுக்கே போனேன். அதுவும் பெரும்பாலும் சாதாதான், ஆனா பெரியவங்கள்ல பத்துல ஒண்ணு கெட்டதா போகலாம்னு இன்னும் செக்கப்புக்கு இழுக்குறாங்க. நைனா, பத்து போடறேன் எண்ணெய் தடவறேன்னு நாள தள்ளாத, விதைக்குள்ள கெட்டியா வர்றதுல பெரும்பாலும் கேன்சர்தான், உன்னுது மாதிரி வர்றது ரொம்ப கம்மி. ஆபரேஷனுக்கு முன்னாடி விந்து சேமிச்சு வைக்கறத பத்தி கேளு, வெக்கப்படாத.

ஸ்லைடு_பிரியன்:
மாமா சொல்றது கரெக்ட்டு. ஃபைனல் பயாப்சி ரிப்போர்ட் வர கொஞ்ச நாள் ஆவும், அப்ப ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகுல பதிச்ச திசு) கேட்டு வாங்கி வை, வேற இடத்துல ஒப்பீனியன் கேக்கணும்னா அதுதான் வேணும்.