ஐபோன் 13: புதியது வாங்குவதா, பேட்டரியை மாற்றுவதா?

கேள்வி (டர்பன்): வணக்கம். 2021இல் வெளிவந்த ஐபோன் 13 என்னிடம் உள்ளது. காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சென்றும், தைப்பூசத்தன்று தம்பியின் காவடி கோவில் வாசலை நெருங்கும்போது கைப்பேசி அணைந்துவிட்டது. 24 மாத ஒப்பந்தத்தில் ஐபோன் 16 புரோ வாங்கலாமா?

மறுமொழி 1: முதலில் அமைப்புகளில் பேட்டரியின் நிலையைப் பாருங்கள், ஐயா. 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பின்பும் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சும்படி வடிவமைக்கப்பட்ட பேட்டரி அது. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் புதிய பேட்டரியே போதும்.

மறுமொழி 2: கூட்டத்துக்குப் பின்னால் நின்று படமெடுப்பவரானால், 16 புரோவின் ஐந்து மடங்கு தொலைநோக்கு லென்ஸ் பயன்படும், 13இல் அது கிடையாது. ஆனால் மாதத் தவணையை 24ஆல் பெருக்கி, ரொக்க விலையோடு ஒப்பிடாமல் கையெழுத்திடாதீர்கள். நான் அவ்வாறு பார்க்காமல் ஏமாந்தேன்.

கேட்டவர்: 76 விழுக்காடு காட்டுகிறது. பேட்டரியையே மாற்றிவிடுகிறேன், காவடியை அருகில் நின்றே படமெடுப்பேன்.