ஸ்லாட்டுக்கு 'காடி'ன்னே வச்சுடலாம்: வலங்கைமான்ல ரேம் மாட்டுனப்ப கெடச்ச சொல்லு

எல்லாருக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டர்ல ரேம் (தற்காலிக நினைவகம், ஒரு சின்னப் பலகை மாதிரி இருக்கும்) மாட்டுறதுக்கு நாம தமிழ்ல எழுதுற குறிப்புல, அது போய் ஒக்கார்ற நீளப் பள்ளத்துக்கு, அதாவது ஸ்லாட்டுக்கு, என்ன சொல்லு வைக்கிறதுன்னு ஒரு வாரமா நம்ம குழுவுல பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. திருவையாறு ஐயா 'செருகுவாய்' சொன்னாங்க, பட்டுக்கோட்டை அண்ணன் 'பொருத்துவாய்'தான் சரின்னாரு, நடுவுல ஒருத்தர் 'துளை'ன்னு போட்டிருந்தாங்க. நானும் போன வாரம் வரைக்கும் செருகுவாய் பக்கம்தான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் மாறிட்டேன், ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

வலங்கைமான்ல என் தங்கச்சி வீடு. அவ பையன் பதினொண்ணாவது படிக்கிறான், வீட்டுல ஒரு டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம் ஒண்ணே ஒண்ணு, பிரவுசர்ல நாலு பக்கம் தொறந்தாலே தெணறும். அதே வகையில இன்னொரு 4 ஜிபி வாங்கி கும்பகோணத்துலேந்து குடுத்து விட்டேன். நாம எல்லாரும் சேந்து எழுதிக்கிட்டு இருக்குற செய்முறைக் குறிப்பையும் அனுப்பி, இத பாத்துக்கிட்டே நீயே மாட்டு, நான் போன்ல இருக்கேன்னு சொன்னேன்.

மொத பாதி ஒழுங்கா போச்சு. சிஸ்டத்த ஷட்டவுன் பண்ணி, சுவிட்ச அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டான். பிளக்க பிடுங்குறதுல நான் கறாரா இருப்பேன், ஏன்னா ஷட்டவுன் பண்ணாலும் கரண்ட் வந்துக்கிட்டு இருக்குற வரைக்கும் மதர்போர்டுக்கு (எல்லா பாகமும் மாட்டியிருக்குற பெரிய பலகை) 5 வோல்ட்டு போய்க்கிட்டேதான் இருக்கும், போர்டுல ஒரு சின்ன லைட்டு எரியுறத பாத்திருப்பீங்க. சுவத்து சுவிட்ச மட்டும் நம்பவும் முடியாது, பழைய வீடுங்கள்ல வயர மாத்திக் குடுத்திருந்தா சுவிட்சு நியூட்ரலத்தான், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயரத்தான், வெட்டும், கரண்ட் வயரு அப்படியே உசுரோட நிக்கும். பிடுங்குனதுக்கு அப்புறம் பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அழுத்திப் புடிக்கச் சொன்னேன், உள்ள தேங்கி நிக்கிற மிச்சமும் எறங்கிடும்.

பெறகு கேபினட்டுல பெயிண்ட் இல்லாத இரும்ப தொடச் சொன்னேன். நிலைமின்சாரம் நம்ம ஒடம்புல இருக்குறது நமக்கே தெரியாது, விரல்ல சுருக்குன்னு ஒறைக்கணும்னாலே சுமார் 3000 வோல்ட்டு வேணும்பாங்க, ரேம்ல இருக்குற சிப்பு அதுக்கு ரொம்பக் கீழயே கெட்டுப் போயிடும். நம்ம பக்கம் காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால இந்தத் தொல்லை கம்மிதான், ஆனா ஏசி ரூம்ல பாலிஸ்டர் சட்டையோட ஒக்காந்து வேல பாத்தா ஈரக்காத்து காப்பாத்தாது. நிலைமின்சாரம்ங்கிற சொல்ல பையன் உடனே புரிஞ்சுக்கிட்டான், அதுல நமக்கு சண்டை வேண்டாம்.

அடுத்த வரியிலதான் நின்னுச்சு. "நினைவகத்தைச் செருகுவாயில் செருகவும்"னு நாம எழுதியிருக்கோம். பையன் கேக்குறான், "மாமா, செருகுவாய்னா எது? பின்னாடி பென்டிரைவ் போடுற ஓட்டையா?"

அவன் கேட்டதுல தப்பே இல்லைங்க. செருகுறதுன்னா நமக்கு என்ன, கொண்டையில பூ செருகுறது, இடுப்புல கத்தி செருகுறது, ஒரு எடத்துல சும்மா நொழைச்சு விடுறது. வாய்னா குடத்து வாய், சாக்கு வாய். ரெண்டையும் சேத்துச் சொன்னா மனசுல ஒரு ஓட்டைதான் வரும், நீளமா ஒரு பள்ளமும் அதுல ஒரு பலகையோட ஓரம் போய் ஒக்கார்றதும் வராது. நான் போன்ல நீளமா கறுப்பா இருக்கும்டா, ப்ராசஸர் ஃபேன் பக்கத்துல இருக்கும்டான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், பக்கத்துலேந்து அவன் தாத்தா எட்டிப் பாத்தாங்க. தங்கச்சி மாமனாரு, நாப்பது வருஷம் ஆசாரி வேல பாத்தவங்க, இப்ப கண்ணு மங்குனதால உளிய வச்சுட்டாங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதுறேன்:

"இது காடிடா. பலகைய காடில எறக்குற மாதிரி எறக்கு. நடுவுல முளை இருக்கு பாரு, ஒன் பலகையில வெட்டு இருக்கா, ரெண்டும் நேருக்கு நேரா வருதான்னு பாத்துட்டு எறக்கு. இல்லாட்டி திருப்பிப் புடி."

பையன் அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல.

காடின்னா என்னன்னு நம்ம ஊர் மரப்பட்டறையில யாரையும் கேட்டுப் பாருங்க. கதவு வந்து ஒக்கார நிலையில எடுக்குறது காடி, கண்ணாடி நிக்க ஜன்னல் சட்டத்துல எடுக்குறது காடி, அத எடுக்குறதுக்குன்னே தனியா ஒரு இழைப்புளி வச்சிருப்பாங்க. நீளமா ஒரு பள்ளம், அதுல இன்னொண்ணு வந்து அளவா ஒக்காரணும், ஸ்லாட்டுக்கும் வேலை அதேதானே. புதுசா நாம உருவாக்க வேண்டியதே இல்ல, சொல்லு ஏற்கனவே கையில புழங்கிக்கிட்டு இருக்கு. ஆபீஸ்ல கெடந்த கோப்பு எவ்வளவு சுலபமா கம்ப்யூட்டருக்குள்ள வந்துச்சு, அதே மாதிரி இதுவும் வரும்னு நம்புறேன். கூட்டுச் சொல்லுக்கும் வசதி: நினைவகக் காடி, விரிவாக்கக் காடி, ரெண்டாவது காடி, காலிக் காடி. 'நினைவகச் செருகுவாய்'ன்னு ஒரே வரியில மூணு தடவ எழுதிப் பாருங்க, கை நோகும்.

மன்னார்குடி அக்கா நேத்து தனியா எழுதியிருந்தாங்க, காடின்னா புளிச்ச கஞ்சி இல்லையா, வினிகரையும் காடின்னுதானே புத்தகத்துல போடுறாங்க, கொழம்பாதான்னு. உண்மைதான், ஆனா படின்னா மாடிப்படியும் படிதான், நெல்லு அளக்குறதும் படிதான், ஆறுன்னா நமக்கு வெண்ணாறும் ஆறு, எண்ணும் ஆறு, எடத்த வச்சு எல்லாம் புரிஞ்சுடுது. மதர்போர்டு பக்கத்துல காடின்னு படிக்கிறவங்க யாரும் கஞ்சிய நெனைக்க மாட்டாங்க.

இதுல பாதுகாப்பும் இருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். ரேம்ல டிடிஆர்3, 4, 5ன்னு தலைமுறை இருக்கு, டிடிஆர்3க்கு 240 பின்னு (அடியில வரிசையா இருக்குற தங்க நெற முனைங்க), டிடிஆர்4க்கு 288, டிடிஆர்5க்கும் அதே 288. பாக்குறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா வோல்ட்டேஜே வேற, 1.5, 1.2, 1.1னு எறங்கிக்கிட்டே வருது. ஒண்ணு எடத்துல இன்னொண்ணு போயிடக் கூடாதுன்னுதான் வெட்டு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கு, நடு மத்தியிலயும் இருக்காது, அதனால திருப்பிப் போடவும் முடியாது. நம்ம குறிப்புல இதுக்கு "குறியீட்டுப் பள்ளம்"னு எழுதி வச்சிருக்கோம், யாருக்குப் புரியும்? ரேம்ல இருக்குறது வெட்டு, காடிக்குள்ள நிக்கிறது முளை, வெட்டும் முளையும் ஒத்து வரலன்னா அழுத்தாதீங்கன்னு எழுதுனா போதும். அழுத்தக் கூடாத எடத்துல அழுத்துறதாலதான் ரேமும் போகுது, சமயத்துல போர்டும் சேந்து போகுது.

ஓரத்துல இருக்குற கிளிப்புக்கு 'கொண்டி'. கதவுல போடுறோமே அதேதான். சில போர்டுல ரெண்டு பக்கமும் கொண்டி இருக்கும், சிலதுல ஒரு பக்கம்தான், அத குறிப்புல சேக்கணும், இல்லன்னா ஒடஞ்சு போச்சு போலன்னு பயந்துடுவாங்க.

மாட்டி முடிச்சு ஆன் பண்ணா படம் வரல, பீப் சத்தம் மட்டும் வந்துச்சு. பையன் கொரலே எறங்கிப் போச்சு. மறுபடி அணைச்சு, பிளக்கையும் மறுபடி பிடுங்குன பெறகு தாத்தா விரலால தடவிப் பாத்துட்டு, "ஒரு பக்கம் ஒக்காரல"ன்னாங்க. ரெண்டு கட்டைவெரலையும் ரெண்டு ஓரத்துல வச்சு சமமா அழுத்துனான், டக்குன்னு கொண்டி தானா வந்து மூடுன சத்தம் எனக்கு போன்லயே கேட்டுச்சு. நாம "சரியாகப் பொருந்தியுள்ளதா எனச் சரிபார்க்கவும்"னு எழுதியிருக்கோம், அத "ரெண்டு பக்கமும் உக்காந்துருச்சான்னு பாருங்க"ன்னு மாத்தலாம், எழுத்துத் தமிழ்தான் வேணும்னா "அமர்ந்துவிட்டதா"ன்னு போடுங்க. பொருந்துறதுன்னா அளவு ஒத்துப் போறது, உக்கார்றதுன்னா முழுசா எறங்கி நிக்கிறது, இங்க கேக்குறது ரெண்டாவதத்தான்.

இன்னொண்ணு, 'டூயல் சேனல்'. போன மாசம் இத "இரட்டை அலைவரிசை"ன்னு முடிவு பண்ணோம், அத தயவு செஞ்சு திரும்ப எடுக்கணும். அலைவரிசை டிவிக்கும் ரேடியோவுக்கும் சரி, இங்க அலையே இல்லையே. ரேம்லேந்து ப்ராசஸருக்கு டேட்டா போற பாதை அது, ஒரு பாதையில ஒரே நேரத்துல 64 பிட்டு, ரெண்டு பாதை தொறந்தா 128. டெல்டாவுல பொறந்த நமக்கு இதுக்கு சொல்லு பஞ்சமா? இரட்டை வாய்க்கால்! பையன் போர்டுல நாலு காடி, பழைய ரேம் ப்ராசஸர்லேந்து ரெண்டாவதுல இருந்துச்சு, அவன் புதுச பக்கத்து காடியில, மொதலாவதுல எறக்கப் போனான். நாலு காடி இருக்குற போர்டுல பெரும்பாலும் மொத ரெண்டு ஒரு வாய்க்கால், அடுத்த ரெண்டு இன்னொரு வாய்க்கால். பக்கத்துல பக்கத்துல போட்டா ரெண்டும் ஒரே வாய்க்கால்ல நின்னுடும், இன்னொண்ணு தண்ணி இல்லாம காஞ்சு கெடக்கும். அதனால ரெண்டும் நாலும். நான் வாய்க்கால்னு சொன்ன ஒடனே அவனே, "அப்ப ரெண்டு மதகும் தொறந்தாதான் வயலுக்கு முழுசா பாயும்"னான். போர்டு கூட வர்ற புத்தகத்துல வரிசைய ஒரு தடவ பாத்துக்குங்கன்னும் சேக்கணும், போர்டுக்கு போர்டு மாறும்.

'ரேம்'ங்கிறத மட்டும் மாத்தாம விட்டுடலாம்னு எனக்குப் படுது. கடையில போய் ரேம்னுதான் கேக்கணும், அட்டைப் பெட்டியிலயும் அதுதான் இருக்கு. தலைப்புல நினைவகம், செய்முறையில ரேம்.

ஆக நான் கேக்குறது ஸ்லாட் – காடி, நாட்ச் – வெட்டு, கீ – முளை, லாட்ச் – கொண்டி, டூயல் சேனல் – இரட்டை வாய்க்கால். எதிர்ப்பு இருந்தா தாராளமா எழுதுங்க, ஆனா எழுதுறதுக்கு முன்னாடி உங்க தெருவுல ஒரு ஆசாரிகிட்ட மதர்போர்டு படத்த காட்டி என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு எழுதுங்க. ரேமோட அடியில வரிசையா தங்க நெறத்துல இருக்கே, விரல் படக் கூடாதுன்னு சொல்றோமே, அதுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒண்ணும் அமையல. பையன் அத 'பல்லு'ங்கிறான்.