கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்ஷனுக்கு: பழைய மெக்கானிக்கல் பம்பை என்ன செய்தீர்கள்?

நீலச்சாவி
பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய கதையைப் பலர் எழுதிவிட்டீர்கள். என்னால் மறக்க முடியாதது ஒரு வளைவு. டேங்கில் கால்வாசி பெட்ரோல். எலெக்ட்ரிக் பம்ப் நேராக டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. சோதனைக்காகப் பிரஷர் கேஜை முன்கண்ணாடியின் வெளிப்பக்கம், வைப்பருக்கு அருகில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். நீண்ட வளைவில் திரும்பினேன். பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியது. பின்னாலிருந்து வந்த சீரான முனகல் திடீரென்று ஊளையாக மாறியது. 3 பாரில் நின்ற முள் துடித்துக்கொண்டே 1 பாருக்குக் கீழே இறங்கியது. எஞ்சின் அணைந்தது. பின்னால் லாரி. ஒதுங்கி நின்ற பிறகும் கை நடுக்கம் அடங்கவில்லை.

எஞ்சின் சுழற்சியால் ஓடும் பழைய மெக்கானிக்கல் பம்பை அதன் பிறகுதான் மறுபடி இணைத்தேன். அது சர்ஜ் டேங்கை, அதாவது இடையில் வைத்த ஒரு லிட்டர் சிறு டேங்கை, நிரப்புகிறது. அதிலிருந்து எலெக்ட்ரிக் பம்ப், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலுக்கு அனுப்புகிறது. அதே வளைவில் இப்போது முள் அசைவதில்லை.

கேம்லோப்
மன்னிக்கவும், இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு காலையில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. துணியில் துடைத்தேன், தண்ணீர் போல ஊறிப் பரவியது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாப்ரம் கிழிந்து, அதை அசைக்கும் லீவர் இருக்கும் பக்கமாகப் பெட்ரோல் எல்லாம் எஞ்சின் ஆயில் நிற்கும் கிரேங்க்கேஸில் இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அந்த பம்பைக் கழற்றித் துளையைத் தகடு வைத்து மூடுங்கள். சர்ஜ் டேங்கை நிரப்பக் குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் போதும்.

மூன்றாம்கியர்
மெக்கானிக்கல் பம்ப் ஒன்றே போதும் என்று நம்பி ஒரு நாள் முழுவதும் ஸ்டார்ட்டரைச் சுற்றி பேட்டரியைத் தீர்த்தவன் நான். என் கதை அவ்வளவுதான். ஆனால் இருவருக்கும் சில வார்த்தைகள்.

கார்புரேட்டருக்கான பம்ப் தருவது 4 முதல் 6 பிஎஸ்ஐ. சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள அமைப்புகள் பலவற்றுக்கு 43 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 3 பார், வேண்டும். பந்தயக் கார்களில் பெல்ட்டாலோ கேமாலோ ஓடும் உயர் அழுத்த மெக்கானிக்கல் பம்புகள் உண்டு. ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அவை அதிகம் தருவதில்லை. சாலையில் ஓடும் காருக்கு அது வேண்டாத தலைவலி.

சர்ஜ் டேங்கை நிரப்பும் பம்புக்கு அழுத்தம் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். 100 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் குடிக்கும். அதற்கு மேல் கொடுத்தால் போதும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் திரும்பு குழாயைச் சர்ஜ் டேங்கில் சேருங்கள். அதன் உச்சியிலிருந்து பெரிய டேங்குக்கு ஒரு வழிவு குழாய் அவசியம், இல்லாவிட்டால் காற்று வெளியேறாது. உயர் அழுத்தப் பக்கத்தில் பழைய கார்புரேட்டர் ஹோஸைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள். இன்ஜெக்ஷனுக்கென்று உள்ள ஹோஸும் கிளிப்பும்தான். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்தும் ரிலே இருக்கிறதா? நீலச்சாவி, உங்கள் பதிவில் அதைக் காணவில்லை.

நீலச்சாவி
ரிலே இருக்கிறது. கேம்லோப் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை, ஆயில் கோட்டில்தான் நிற்கிறது. இருந்தாலும் அந்த டயாப்ரம் காரின் வயதுடையது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதிய டயாப்ரம் வரும்வரை காரை எடுக்கப்போவதில்லை.