மீன் செதில் சீவ வீட்டிலேயே கருவி செய்யலாமா?

ஏரிக்கரையான்:
தூண்டில்ல ஜிலேபி கெண்டை நல்லா மாட்டுது. கத்தியால சுரண்டினா செதில் சுவரெல்லாம் தெறிக்குது, வீட்ல ஒரே திட்டு. கைவசம் உள்ளதை வச்சு ஏதாவது செய்ய முடியுமா?

ஆத்துமீன்:
கோலி சோடா இல்ல தம்பி, கலர் பாட்டில் தகர மூடி மூணு எடுங்க. ஒரு மூடிக்கு 21 பல். கைப்பிடி அளவு வேப்பங்கட்டையில பல் வெளியே பார்க்கிற மாதிரி வரிசையா வச்சு ஆளுக்கொரு ஸ்குரு. ஆணி வேண்டாம், ஆடிப்போகும். வாலிலிருந்து தலைப்பக்கமா இழுங்க. மீனை அன்னக்கூடைத் தண்ணியில முக்கிக்கிட்டே சீவினா ஒரு செதில் பறக்காது. முதுகு முள்ளை முதல்லயே கத்திரியால வெட்டிடுங்க, குத்தினா ரெண்டு நாள் கடுக்கும். கழுவி வெயில்ல காய வைக்கலைன்னா மூடி துருப்பிடிக்கும். கடையில விக்கிற பிளாஸ்டிக் சீவுளி எல்லாம் வெறும் அழகுக்கு.

சமையல்கட்டு:
கெளுத்திக்கும் இது ஆகுமாண்ணே?

ஆத்துமீன்:
அதுக்கு ஏதும்மா செதில்? சாம்பல் போட்டு சொரசொரப்பான கல்லுல தேய், வழவழப்பு போயிடும். விராலுக்கு மட்டும் ரெண்டும் வேணும்: முதல்ல சாம்பல், அப்புறம் மூடி.