மகனை மறிச்சு டிக்கியைத் திறந்தவை. இது எந்தச் சட்டம்?

முருங்கையிலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க இங்கிலாந்துச் சட்டம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு தங்கச்சி சொல்லித்தான் எழுதிறன்.

மகனுக்கு 19 வயது. லைசன்ஸ் எடுத்துப் பதினாலு மாசம். கார் தகப்பன்ர பேரில. இன்சூரன்சில இவன்ர பேரையும் போட்டிருக்கு, அதுக்குக் கட்டிற காசுக்கு ஊரில ஒரு கறவை மாடு வாங்கலாம். போன புதன் இரவு பத்தே முக்கால் போல வேலை முடிஞ்சு ரெண்டு சிநேகிதப் பொடியளோட வந்திருக்கிறான். சிக்னல் தாண்டின உடன பின்னால நீல வெளிச்சம். நிப்பாட்டினவன்.

எங்கயிருந்து வாறாய், எங்க போறாய், கார் ஆற்ற, இவங்கள் ஆர்? பின்சீற்றில இருந்த பொடியளிட்டையும் பேரும் பிறந்த திகதியும் கேட்டவை. பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்ல, இவனும் திறந்திட்டான். உள்ள என்ன, எங்கட கோயில் சாமான். பித்தளைச் செம்பு, கற்பூரப் பெட்டி, பிளாஸ்ரிக் பையில கால் கிலோ விபூதி. அந்தப் பையைக் கண்டதும் அவையின்ர முகம் மாறிப் போச்சாம். என்ன இது எண்டு கேட்க, என்ர கெட்டிக்காரன் இங்கிலீசில "சாம்பல்" எண்டு மட்டும் சொல்லியிருக்கிறான். "ஆற்ற சாம்பல்?" எண்டு கேட்டினமாம்.

இவன்ர பொக்கற்றையும் தடவிப் பார்த்தவை. "இப்ப இருக்கிற பயங்கரவாத நிலைமையில இதெல்லாம் பார்க்கத்தான் வேணும்" எண்டு ஒருத்தர் சொல்லியிருக்கிறார். இருபத்தஞ்சு நிமிசம் றோட்டில. கடைசியா சோதிச்சதுக்கு ஒரு துண்டும், சிக்னலில போன் கையில வச்சிருந்ததுக்கு 200 பவுண் தண்டமும் லைசன்சில ஆறு பொயின்ற்றும். போன் மடியில கிடந்தது எண்டு இவன் சொல்றான்.

நான் 1997இல கொழும்பு வெள்ளவத்தையில ஒரு அறையில இருந்தனான். பொலிஸ் பதிவுத் துண்டும் ஐசி எண்ட அடையாள அட்டையும் இல்லாமல் பாண் வாங்கக் கூட வெளிக்கிடுறேல்ல. செக் பொயின்றில சிரிச்சால் ஏன் சிரிக்கிறாய், சிரிக்காட்டில் ஏன் முறைக்கிறாய். அதெல்லாம் முடிஞ்சுது எண்டுதான் இங்க வந்தது. புதன் இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

பயங்கரவாதச் சட்டத்தில அவன்ர பேர் எங்கயும் பதிஞ்சிருக்குமா? யூனிவேர்சிற்றி, வேலை எல்லாத்துக்கும் பிரச்சினை வருமா? தண்டத்தைக் கட்டவா, கோட்டுக்குப் போகவா?

---

ரெடிங் மதுரைக்காரன் எழுதியது:

அக்கா, கோபிச்சுக்காதீங்க. இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு, அவ்வளவுதானே. லாக்கப்புல வைக்கல, காசு கேட்கல. நம்ம ஊர் ஹெல்மெட் செக்கிங்கில் ஓரமா ஒதுங்கி நின்னவங்களுக்குத்தான் இந்த மரியாதையோட அருமை தெரியும்.

2017 மே மாசம் மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்புல 22 பேர் செத்தாங்க. பெரிய பையோட உட்கார்ந்திருந்தவனை அங்கிருந்த இளம் செக்யூரிட்டி ஒருத்தர் சந்தேகப்பட்டிருக்கார். ஆனா தப்பா இருந்தா இனவெறியன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து நெருங்கிக் கேட்கல. விசாரணைக் கமிஷன்ல அவரே சொன்னது இது. என் பொண்ணு கச்சேரிக்குப் போறேன்னு நின்னா எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும். வெள்ளைப் பொடியைப் பார்த்துட்டு ஒரு போலீஸ்காரர் கேள்வி கேட்காம போனாத்தான் நான் கவலைப்படுவேன்.

---

கோப்புக்கட்டு எழுதியது:

அக்கா, நான் ஒரு சட்ட அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிற ஆள், சொலிசிற்றர் இல்லை. பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்தத் துண்டை எடுத்துப் பாருங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எதைத் தேடினார்கள், என்ன காரணம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன "பயங்கரவாதம்" வேறு, தாளில் எழுதின பிரிவு வேறு. துண்டு தொலைந்திருந்தால் மூன்று மாதத்துக்குள் பிரதி கேட்கலாம்.

அன்றிரவு நடந்தது ஒரு விஷயம் இல்லை, மூன்று. மூன்றையும் பிரித்துப் பாருங்கள்.

காரை மறித்தது. 1988 வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. சீருடையில் உள்ள பொலிஸ்காரர் எந்த வாகனத்தையும் நிறுத்தலாம், காரணமே வேண்டாம். நிறுத்தாமல் போனால் அதுவே குற்றம். ஓட்டுநர் பேர், விலாசம், பிறந்த திகதி சொல்ல வேண்டும், லைசன்சும் இன்சூரன்சும் காட்ட வேண்டும். கையில் இல்லாவிட்டால் ஏழு நாளுக்குள் ஒரு ஸ்ரேசனில் கொண்டுபோய்க் காட்டலாம். அவ்வளவுதான் கடமை. எங்கே போகிறாய் என்பதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சும்மா கூட வந்த பொடியள் பேர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்த நாட்டில் ஐசி கொண்டு திரியும் சட்டம் கிடையாது. 2006இல் ஒரு அடையாள அட்டைச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2010இல் அடுத்து வந்த அரசாங்கம் அதைத் தூக்கிவிட்டது.

சோதித்தது. மறிக்கிற அதிகாரம் டிக்கியைத் திறக்கிற அதிகாரம் ஆகாது. அதற்கு வேறு பிரிவு வேண்டும், பெரும்பாலும் நியாயமான சந்தேகமும் வேண்டும். இங்கேதான் உங்கள் கதையில் எனக்கு ஒன்று இடிக்கிறது. விபூதியைக் கண்டபிறகு சந்தேகம் வந்ததா, சந்தேகம் வந்தபிறகு டிக்கியைத் திறந்தார்களா? டிக்கி மூடியிருக்கும்போது விபூதி எப்படித் தெரிந்தது? இவன் தானாகத் திறந்துவிட்டான் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். பொக்கற் வேறு. சட்ட அதிகாரம் இல்லாமல் ஒரு ஆளைச் சோதிக்கக் கூடாது, அவர் சம்மதித்தாலும் கூடாது என்று பொலிசுடைய நடைமுறைக் கோவையே சொல்கிறது.

பொலிஸ்காரரின் சட்டையில் இருந்த கமராப் பதிவை உடனே எழுதிக் கேளுங்கள், காசு இல்லை. வழக்குக்குத் தேவையில்லை என்று நினைக்கிற பதிவுகள் சாதாரணமாக 31 நாளில் அழிந்துவிடும்.

தண்டம். உண்மையில் உங்கள் மகனைக் கடிக்கப்போவது இதுதான், பயங்கரவாதம் இல்லை. முதல் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு பொயின்ற் வந்தால் லைசன்ஸ் இரத்து. எழுத்துப் பரீட்சையிலிருந்து திரும்ப எல்லாம் எடுக்க வேண்டும். போன் தண்டம் 2017 மார்ச்சிலிருந்து ஒரேயடியாக ஆறு. சிவப்பு விளக்கில் நின்றாலும் கையில் பிடித்திருந்தால் குற்றம். பாட்டு மாற்றினாலும் குற்றம், அது 2022இல் வந்தது. மடியில் கிடந்தது என்பது உண்மையானால் அது வேறு வழக்கு. 28 நாள் இருக்கிறது. கோட்டுக்குப் போய்த் தோற்றால் தண்டம் 1000 பவுண் வரை ஏறலாம், செலவு தனி. காசு கட்டமுன் ஒரு வீதிச் சட்ட சொலிசிற்றரிடம் அரை மணித்தியாலம் பேசுங்கள்.

மதுரைக்கார அண்ணா, பொலிஸ் கேள்வி கேட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. மான்செஸ்டரில் கேட்டிருக்கத்தான் வேண்டும். பெரிய பையோடு ஒருவன் கண்முன்னால் இருந்தான், அது சந்தேகம். மூடின டிக்கி சந்தேகமா?

---

தட்டிவான் எழுதியது:

தங்கச்சி, நான் 2002 தொடக்கம் ஒன்பது வருசம் லண்டனில மினிகாப், வாடகைக் கார், ஓடினவன். இந்தப் பொடியன் கோப்புக்கட்டு சொல்றது சரி, ஆனால் பழசையும் கொஞ்சம் கேளுங்கோ.

அந்த நாளில பிரிவு 44 எண்டு ஒண்டு இருந்தது, 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தில. சந்தேகமே தேவையில்லை. "ஏன் என்னை?" எண்டு நான் கேட்க, "ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை" எண்டு துண்டை நீட்டினவன். என்னை நாலு தரம், ஒருக்கால் பின்னுக்குச் சவாரி இருக்கவே. சவாரிக்கார மனுசி இறங்கி வேற கார் பிடிச்சுப் போனா, அந்தக் காசு ஆர் தாறது? அந்தக் கோபம் இப்பவும் இருக்கு.

பிறகுதான் வழக்கில வெளிய வந்தது: முழு லண்டனுக்கும் அந்த அதிகாரத்தை 2001 பெப்ரவரி தொடக்கம் 28 நாளுக்கு ஒருக்கால் புதுப்பிச்சுக்கொண்டே இருந்திருக்கினம். ஊருக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. எங்கட அவசரகாலச் சட்டம் மாசாமாசம் பாராளுமன்றத்தில நீண்டதுதான், ஆனால் அது எங்களுக்குத் தெரிஞ்சாவது இருந்தது! 2003இல லண்டன் டொக்லண்ட்ஸில நடந்த ஆயுதச் சந்தைக்கு எதிரா நிண்ட கிலன் எண்ட மாணவனையும் குவின்ரன் எண்ட பத்திரிகைக்காரியையும் மறிச்சுத்தான் அந்த வழக்கு. இங்க அப்ப மேல்கோடா இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போய்த் தோத்தினம். ஸ்ராஸ்பேர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைக் கோட்டில 2010 ஜனவரி 12 வென்றினம். அந்த வருச யூலையில உள்துறை அமைச்சர் தெரேசா மே அதை நிப்பாட்டினவ. கடைசி வருசம் மட்டும் லட்சத்துக்கு மேல ஆக்களை மறிச்சவை. பயங்கரவாதத்துக்கு எண்டு அதில ஒருத்தரும் கைதாகேல்ல.

2005இல லேபர் கட்சி மாநாட்டில ஈராக் கதைக்கு "நொன்சென்ஸ்" எண்டு கத்தின 82 வயதுக் கிழவரைத் தூக்கி வெளிய விட்டு, திரும்ப உள்ள போகப் பார்க்கேக்க இந்தச் சட்டத்தைத்தான் காட்டினவை. நாசிகளுக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த யூதர் அவர்.

எனக்குத் தெரிஞ்சது கமரா. லண்டன்ர சிற்றி எண்ட வங்கிப் பகுதிக்குள்ள, அயர்லாந்து ஆயுத இயக்கம் ஐஆர்ஏ 1993இல பிஷப்ஸ்கேற்றில குண்டு வைச்ச பிறகு சுத்திவரப் பொலிஸ் வளையம் போட்டவை, பிறகு நம்பர் பிளேட்டை வாசிக்கிற கமரா வந்தது. லண்டன் நடுவுக்குள்ள கார் ஓட வாங்கிற நெரிசல் கட்டணத்துக்கு எண்டு 2003இல பூட்டின கமராவை 2007இல பயங்கரவாதப் பிரிவுக்கும் திறந்துவிட்டவை. பேர்மிங்காமில மறுவளம்: முஸ்லிம் ஆக்கள் இருக்கிற தெருவுகளில களவு, குழப்படிக்கு எண்டு சொல்லி 200க்கு மேல கமரா பூட்டினவை, காசு வந்தது பயங்கரவாத ஒழிப்பு நிதியில. சனம் கத்தி 2010இல மூட வைச்சுது. பயத்துக்கு வாங்கினது றோட்டுக்கும் உதவும், றோட்டுக்கு வாங்கினது பயத்துக்கும் உதவும்.

ஆனால் பாருங்கோ, 44ஐ ஸ்ராஸ்பேர்க் வரை இழுத்து விழுத்தின நாட்டில, 163 எண்டு காரணமே கேக்காத ஒண்டு சத்தமில்லாமல் இருக்கு. அதைப் பற்றி நான் கதைச்சால் மனுசி கூடக் கொட்டாவி விடுறா.

---

முருங்கையிலை எழுதியது:

அண்ணை, தம்பி, எல்லாருக்கும் நன்றி. மதுரைத் தம்பிக்கும்தான், கோபம் இல்லை.

துண்டு அவன்ர ஜக்கற்றுக்குள்ள கிடந்தது, கசங்கி. பயங்கரவாதம் எண்ட சொல்லே அதில இல்லை. போதைப்பொருள் சட்டம், பிரிவு 23. காரணம் எண்ட இடத்தில "டிக்கியில் வெள்ளைத் தூள் காணப்பட்டது" எண்டு எழுதியிருக்கு. டிக்கியை ஏன் திறந்தது எண்டு ஒரு எழுத்து இல்லை. தம்பி சொன்ன அதே இடம். முறைப்பாடு எழுதியாச்சு, கமராவுக்கும் எழுதியாச்சு.

மற்றது, சொல்ல வெக்கம். சொலிசிற்றரிட்டப் போகேக்க காருக்குள்ள வச்சு, "அம்மா, போன் மடியில இல்லை, பாட்டு மாத்தினனான்" எண்டான். நான் காரை ஓரத்தில நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன். ஓமெண்டால் 200ஐக் கட்டுங்கோ எண்டு சொலிசிற்றரும் சொல்லிப்போட்டார். கட்டியாச்சு.

கோயில் ஐயரிட்ட இதைச் சொல்ல அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இனிமேல் விபூதியைப் பையில கட்டிக் குடுக்கிறேல்லையாம், லேபல் ஒட்டின டப்பாவிலதானாம்.

எல் போட் வாங்கியிருக்கிறன். ஞாயிறு காலமை சுப்பர்மாக்கற் கார் பார்க்கில திரும்பத் தொடக்கம், தகப்பன் பக்கத்தில இருப்பார். போன் என்ர கைப்பைக்குள்ள.