பிரான்சுவா மித்தரான் சோசலிஸ்ட் ஆனது எப்படி?

கேள்வி – இளங்கதிர்

1981 முதல் 1995 வரை பிரான்சின் அதிபராக இருந்த பிரான்சுவா மித்தரானின் அரசியல் வாழ்க்கையைப் படித்துவருகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசில் பணியாற்றிவிட்டுப் பிறகு ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான தலைமறைவு இயக்கத்துக்குச் சென்றவர் அவர். 1946-இல் நியெவ்ர் மாவட்டத்தில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பை முன்வைத்து வாக்குக் கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார். நான்காம் குடியரசில் (1946–58) பல அமைச்சரவைகளில் இடம்பெற்றார். இப்படிப்பட்டவர் 1971-இல் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்த கையோடு அதன் தலைவராகவும் ஆகிவிட்டார். காலமெல்லாம் கட்சிக்கு உழைத்த மூத்தவர்கள் இருக்க, இது எப்படி நடந்தது? கொள்கை மாற்றமா, பதவிக் கணக்கா?

மறுமொழி – நெடுஞ்செழியன்

கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கை அன்று இடதுசாரிகளில் வேறு எவரும் அவ்வளவு தெளிவாகப் போட்டுப் பார்க்கவில்லை. 1962-க்குப் பிறகு அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது; இரண்டாம் சுற்றில் இருவர் மட்டுமே நிற்க முடியும் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு வாக்கை வைத்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியை ஒதுக்கிவிட்டு எந்த இடதுசாரியும் வெல்ல வழியில்லை. 1965-இல் பெரிய கட்சி எதையும் சாராத மித்தரான், கம்யூனிஸ்டுகளும் ஆதரித்த பொது வேட்பாளராக நின்று, அதிபராக இருந்த தெ கோலையே இரண்டாம் சுற்றுக்கு இழுத்து 45 சதவீத வாக்கு வாங்கினார். மாறாக 1969-இல் சோசலிஸ்டுகள் தனித்து நிறுத்திய கஸ்தோன் தெஃபேருக்குக் கிடைத்தது 5 சதவீதம். கம்யூனிஸ்ட் வேட்பாளர் துக்லோ 21 சதவீதம் பெற்றார்.

இந்த அடி விழுந்த பிறகுதான் 1971 ஜூனில் சோசலிஸ்டுகளின் எப்பினே மாநாடு கூடியது. கட்சிக்குள் வலப்பக்கம் சாய்ந்த தெஃபேரும் மொருவாவும் ஒருபுறம், இளம் இடதுசாரியான ஷெவென்மான் அணி மறுபுறம். ஒன்றுக்கொன்று ஒட்டாத இவர்களை மித்தரான் ஒரே தீர்மானத்தின் கீழ்ச் சேர்த்து, பழைய தலைமையைச் சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தார். முதலாளித்துவ சமூகத்திலிருந்து முறித்துக்கொள்ளச் சம்மதிக்காதவர் இந்தக் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது என்று அதே மேடையில் முழங்கினார். அவரே அப்போதுதான் உறுப்பினராகியிருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். 1972 ஜூனில் கம்யூனிஸ்டுகளுடன் பொது வேலைத்திட்டம் உடன்பாடானது. மை காய்வதற்குள் வியன்னாவில் பல நாட்டு சோசலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான சோசலிஸ்ட் அகிலத்தின் கூட்டத்தில் பேசிய அவர், கம்யூனிஸ்டுகளின் 50 லட்சம் வாக்காளர்களில் 30 லட்சம் பேரைத் தம் பக்கம் கொண்டுவர முடியும் என்று காட்டுவதே நோக்கம் என ஒளிக்காமல் சொன்னார். 1981 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் மார்ஷேவுக்கு 15 சதவீதமே கிடைத்தது. அடுத்த அதிபர் தேர்தலில் அக்கட்சியின் வாக்கு 7 சதவீதத்துக்கும் கீழே போயிற்று.

மறுமொழி – பூங்குழலி

மேலே உள்ளது உண்மைதான். ஆயினும் எல்லாவற்றையும் சாமர்த்தியமாக மட்டும் பார்த்தால் அல்ஜீரியா விடுபட்டுப்போகும். 1954-இல் பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸின் அரசில் உள்துறை அமைச்சராக இருந்தபோது (புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்ததும் அந்த அரசின் காலத்தில்தான்) அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியா என்பது பிரான்சே என்று வாதிட்டவர் மித்தரான். 1956–57-இல் அவர் நீதி அமைச்சராக இருந்த காலத்தில் அல்ஜீரிய விடுதலைப் போராட்டக் கைதிகள் பலர் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்துக்கு அனுப்பப்பட்டனர். எவரையும் கொல்லாத கம்யூனிஸ்ட் தொழிலாளியான ஃபெர்னான் இவெத்தோனும் அவர்களில் ஒருவர். அதே மனிதர், மரண தண்டனையைப் பெரும்பான்மை மக்கள் ஆதரித்த நிலையில், 1981 அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, தம் மனசாட்சி அதை ஏற்கவில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். வென்ற பிறகு, மரண தண்டனையை எதிர்த்துவந்த வழக்கறிஞர் பதாந்தேரை நீதி அமைச்சராக்கி, 1981 அக்டோபரிலேயே அதை ஒழித்தார். வாக்குக் கணக்கு மட்டுமே பார்ப்பவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

இளங்கதிர்

அப்படியானால் 1983-ஐ எப்படிப் புரிந்துகொள்வது? முதலாளித்துவத்திலிருந்து முறித்துக்கொள்வதாகச் சொன்னவர் இரண்டே ஆண்டில் சிக்கன நடவடிக்கைக்குத் திரும்பினாரே?

மறுமொழி – அருள்மொழி

முதல் ஆண்டில் அவர் சொன்னதைச் செய்தார்: பெரும் தொழில் குழுமங்களும் வங்கிகளும் தேசியமயமாயின, ஐந்தாவது வார ஊதிய விடுப்பு வந்தது, ஓய்வு வயது 60 ஆனது. சுற்றியிருந்த நாடுகளெல்லாம் செலவைச் சுருக்கிய நேரத்தில் பிரான்ஸ் மட்டும் மக்கள் கையில் பணத்தைப் புழங்கவிட்டதால், அந்தப் பணம் இறக்குமதிப் பொருட்களுக்குப் போயிற்று. அன்றைய பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பு 1981 அக்டோபர், 1982 ஜூன், 1983 மார்ச் என மூன்று முறை குறைக்கப்பட்டது. உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகாமல் வைத்திருந்த ஐரோப்பிய நாணய ஏற்பாட்டிலிருந்து வெளியேறலாம் என்று அமைச்சர்களான ஃபாபியுசும் பெரெகொவாவும் வாதிட, நிதி அமைச்சர் தெலோரும் பிரதமர் மொருவாவும் கூடாதென்றனர். மித்தரான் பல நாட்கள் இரு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார். கையிருப்பு அந்நியச் செலாவணி எவ்வளவு குறைவு என்பதைக் கருவூலத் தலைவர் கம்தெசுயிடமிருந்து அறிந்த ஃபாபியுஸ் கருத்தை மாற்றிக்கொண்டதும், தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பின் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு 2,000 பிராங்க்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, இடதுசாரி அரசுக்கு வாக்களித்த நடுத்தர வர்க்கமே முணுமுணுத்தது.

என் பார்வையில் அங்கேதான் அவருடைய இலட்சியம் சோசலிசத்திலிருந்து ஐரோப்பாவுக்கு இடம் மாறியது. 1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு 51 சதவீதத்தில் மயிரிழையில் வென்றது வரை அந்தக் கோடு நீள்கிறது. 1983-இல் வெளியேறச் சொன்ன அதே பெரெகொவாதான் பின்னாளில் நிதி அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்து வலுவான பிராங்கைக் காத்து நின்றார். 1993 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்ததும் அவர் தலைமையில்தான்.