மறு: ‘டோன்’ – தொனியா, சாயலா, வெளிர்வா?

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படக்கலையில் ‘டோன்’ (tone), அதாவது படத்தில் ஓரிடம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தொனி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, ஒலியும் ஒத்துவருகிறது.

ஒலி ஒத்துவருவதுதான் ஐயா சிக்கலே. தொனி என்றதும் குரல்தான் நினைவுக்கு வரும். ‘பாறையின் தொனி’ என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். ‘சாயல்’ அழகான சொல், ஆனால் ‘நீலச் சாயல்’ என்று நிறத்தோடு ஒட்டிக்கொண்டது. நமக்கு வேண்டியது, நிறத்தைக் கழித்த பிறகு எஞ்சுகிறதே, அதற்கு ஒரு பெயர்.

போன மாதம் திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரையில் ஒரு படம் எடுத்தேன். புல்மேல் யாரோ சிவப்புச் சேலையைக் காயப்போட்டிருந்தார்கள். கண் முதலில் அங்கே போகும், அப்புறம்தான் ஆற்றுக்கு வரும். அந்தச் சேலையை நம்பித்தான் சட்டகத்தையே அமைத்தேன். வீட்டுக்கு வந்து கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் சேலையைக் காணோம்! புல்லோடு புல்லாய்ச் சாம்பலாகிவிட்டது. மாற்றுவதற்குப் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் நூற்றுக்குப் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 பங்கு. அடர் சிவப்பும் நிழல் விழுந்த புல்லும் அதில் ஒரே எண்ணுக்கு வந்து நின்றுவிடும். ஆனால் வண்ணத்தில் நான் கவனிக்காத ஒன்று இப்போது முன்னால் வந்தது. கரையோர மர நிழலுக்கும் வெயில் பட்ட தண்ணீருக்கும் நடுவே வளைந்து போகும் விளிம்பு.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1942இல் வயோமிங்கில் எடுத்த ஸ்னேக் ஆற்றுப் படம் இந்த விளிம்பை வைத்தே நிற்கிறது. கருத்த காட்டுக்குள் வெள்ளியாய் வளைந்து நெளியும் ஆறு கண்ணை டீட்டன் மலைவரை கூட்டிப்போகும். நேர்மாறாக, ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி ரைன் ஆற்றை வைத்து 1999இல் செய்த ‘ரைன் 2’ வண்ணப்படம். பச்சைப் புல், சாம்பல் நீர் எனக் கிடைமட்டப் பட்டைகள். பச்சையை உருவிவிட்டால் அதில் பாதி உயிர் போய்விடும் என்பது என் கருத்து.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு ‘வெளிர்வு’. ‘வெளிர் பச்சை’ என்று நாம் ஏற்கெனவே சொல்வதுதான்.

> வெளிர் என்றால் வெளுத்தது. கரும்பாறைக்கு எப்படிப் பொருந்தும்?

குள்ளமானவரிடமும் ‘உயரம் எவ்வளவு’ என்றுதானே கேட்கிறோம்? அளவுக்குப் பெயர் ஒரு முனையிலிருந்து வருவது தமிழுக்குப் புதிதல்ல. கரும்பாறைக்கு வெளிர்வு குறைவு, நுரைக்கு அதிகம். ‘ஒளிப்படி’யை நானும் யோசித்தேன். படி என்றால் நகல் என்றும் ஆகும், யாராவது ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன: வெளிர்வு வீச்சு, வெளிர்வு வேறுபாடு. ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்ற இன்னொரு ஒளிப்படக் கலைஞரோடு சேர்ந்து, கருப்பு முதல் வெள்ளைவரை படிப்படியாகப் பிரித்து வகுத்த மண்டல முறையில் (zone system) முழுக்கருப்பு 0, முழுவெள்ளை 10, ஆக 11 மண்டலங்கள். நடுவிலுள்ள 5ஆம் மண்டலம், விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் சாம்பல். அதை ‘நடுவெளிர்வு’ எனலாம்.

இதில் எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. ‘முகம் வெளிறிப்போச்சு’ என்பதன் வாடை இதில் அடிக்கிறதா? நெல்லைக்காரன் காதுக்கு அடிக்கவில்லை. கொங்கு, ஈழத்து நண்பர்கள் ‘இந்த ஆற்றுக்கும் வானத்துக்கும் ஒரே வெளிர்வு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.